பழைய தமிழ் இதழ்களைக் காக்க: பிடிஎஃப்/ஏ-1பியா, 2யுவா?

கோலாலம்பூரில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்த பழைய தமிழ் இதழ்களை நெடுநாள் காப்புக்கு அனுப்பும்முன் இந்தக் கேள்வி வரும்: நெடுநாள் காப்புக்கான பிடிஎஃப் தரமான பிடிஎஃப்/ஏவில் எந்த வகை, 1பியா, 2யுவா?

2005இல் வந்த 1பி தோற்றத்தைக் காக்கும்: எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும், பக்கம் பிசகாது. தேடலுக்கு அது பொறுப்பேற்காது. 2011இன் 2யு எல்லா எழுத்துக்கும் யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) குறியீடு கேட்கும்.

சிக்கலே இங்குதான். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் 'அ' உட்கார்ந்திருப்பது '«' இடத்தில். அதனால் பக்கத்தில் 'அ' தெரிந்தாலும் கோப்பில் '«' குறியீடே பதிவாகியிருக்கலாம். பிடிஎஃப்/ஏ கோப்பைச் சோதிக்கும் வெராபிடிஎஃப் மென்பொருள், குறியீடு இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அது சரியான எழுத்தா என்று பார்க்காது, பச்சைக்கொடி காட்டிவிடும். ஆகவே முதலில் உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள், 'கொ', 'தை' போன்றவற்றில் கொம்பும் இணைக்கொம்பும் இடம்மாறியுள்ளனவா என்று பாருங்கள், பிறகே பிடிஎஃப். அதில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெறும் ஸ்கேன் படமென்றால் 1பி போதும். உரை இருந்தால் 2யுதான். பேஜ்மேக்கர் மூலக்கோப்பையும் எழுத்துருவையும் அழிக்காமல், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு சேர்த்தே வையுங்கள்.