225-ஆ, 245-ஆ? புதுச்சேரி சாலைக்கு எந்த டயர்

என் செடானில் கம்பெனி போட்டுக் கொடுத்தது 225/45 ஆர்17: அதாவது டயர் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் விட்டம் 17 இன்ச். இருநூறு குதிரைத்திறனுக்கு மேல் என்பதால், சிக்னலில் கொஞ்சம் அழுத்தினாலே முன்சக்கரம் வழுக்கும். 245/40-க்கு மாறலாமா என்று கடலூர் சாலையில் ஒரு டயர் கடையில் கேட்டேன். அண்ணன் ரிம்மைத் தட்டிப் பார்த்தார். "ரிம் அகலம் ஏழரை இன்ச்தான் தம்பி. இதுல 245 ஏத்தினா பன்னு மாதிரி உப்பிக்கும்."

சரிதான். 245/40-க்குக் குறைந்தது 8 இன்ச் அகல ரிம் வேண்டும். 225-க்கு 7 முதல் 8.5 வரை போதும். ஆக டயரோடு ரிம் செலவும் சேரும்.

காய்ந்த ரோட்டில் 245 கெட்டிக்காரன். காற்றழுத்தம் அதேயானால் தரையைத் தொடும் பரப்பு அவ்வளவாக அதிகரிக்காது. தடம் அகலமாகி, நீளம் குறையும். வளைவில் அதுதான் உதவி. ஆனால் ஈசிஆரில் அப்படி எத்தனை வளைவு இருக்கிறது, சொல்லுங்கள்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை மாறும். இந்திரா காந்தி சிலைப் பக்கம் தண்ணீர் தேங்கினால் ஊர்ந்துதான் போவோம், கவலையில்லை. நெடுஞ்சாலையில் 90-இல் போகும்போதுதான் ஆபத்து: அகல டயர் தண்ணீரை ஒதுக்கத் திணறி, சீக்கிரமே மிதக்கும்.

245/40-க்கு மாறினால் டயர் விட்டம் 634 மி.மீ.யிலிருந்து 628 ஆகும். ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீத வித்தியாசம், விடுங்கள்.

நான் 225-லேயே நல்ல மென்ரப்பர் டயராகப் போட்டேன். சிக்னல் வழுக்கல் பாதி போயிற்று.