மூன்று வருஷம் கழித்து மறுபடியும் வீல் பிடித்தேன்: பத்து மாத அனுபவம்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது பூஞ்சண வாசம்தான். ஹட்டனில் எந்தப் பொருளையும் இரண்டு மழைக்காலம் அலமாரிக்கு மேல் போட்டு மறந்தால் அதுதான் கதி. சப்பாத்து, தோல் பை, கெமரா லென்ஸ், இந்த முறை கம்பியூட்டரில் கார் ரேஸ் விளையாடுகிற என் ஸ்டியரிங் வீல். 2019ல் கொழும்பில் ஒருவர் பாவித்ததை வாங்கியது. உள்ளே பல்சக்கரம் ஓடும் சாதாரண வகை, 900 பாகை சுற்றும், மூன்று பெடல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத நிலை வந்தபோது கழற்றிப் பெட்டியில் போட்டேன். டவுனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன்; ஃபோட்டோகொப்பி மெஷினை ஓட்டவே கரண்டுக்குக் காத்துக் கிடந்த காலத்தில் ரேஸ் விளையாட்டைப் பற்றி வாய் திறந்திருந்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்காது. பிறகு கரண்ட் வந்தது, பெட்டி மட்டும் இறங்கவில்லை. கல்யாணம், மகள், கடைக்குச் சாமான் ஏற்ற ஒரு பழைய வேன், அந்த வேனுக்கு வாங்கின கடன்.

2024 தீபாவளிக்கு அடுத்த வாரம் இறக்கினேன். இப்போது பத்து மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று இரவு, கடை பூட்டி, மகள் தூங்கின பிறகு ஒரு மணி நேரம். இடையில் இரண்டு தடவை பண்டாரகம போய், வாடகைக்கு எடுத்து ஓடுகிற சின்னத் திறந்த ரேஸ் வண்டியான உண்மையான கார்ட்டும் ஓட்டிவிட்டு வந்தேன். திரும்ப வருகிற எல்லாரும் போல நானும் முதல் வாரமே புது வீல் தேடினேன், பல்சக்கரம் இல்லாமல் மோட்டரே நேராக வீலைத் திருப்புகிற டைரக்ட் டிரைவ் வகையெல்லாம் பார்த்தேன், விலையை ரூபாவில் பெருக்கிப் பார்த்துவிட்டு மூடினேன். இப்போது நினைத்தால் அன்றைக்குக் காசு இல்லாமல் போனது நல்லது. பழுது வீலில் இருக்கவே இல்லை.

பழுது பெடலில் இருந்தது. முதல் நாள், பாதத்தைப் பெடலிலிருந்து எடுத்து ஓரமாக வைத்திருக்கும்போதே கார் தானாகப் பிரேக் பிடித்தது. பெடலின் அளவைத் திரையில் போட்டுப் பார்த்தால், சும்மா கிடக்கும்போதே பூஜ்யத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் துடிக்கிறது. இந்த வகைப் பெடல்களுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழுக்குள் இருக்குமே, அதே சாமான். கரித் தடம் ஒன்றின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும். அதில் ஈரமும் தூசியும் படிந்தால் ரேடியோ கரகரப்பது மாதிரியே பெடலும் கரகரக்கும். கழற்றி, கொண்டெக்ட் கிளீனர் அடித்து, ஐம்பது தடவை முன்னும் பின்னும் திருப்பியதும் துடிப்பு நின்றது. ஜூன் மாத மழைக்கு மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா சொன்னதைக் கேட்டேன்: நுவரெலியாப் பக்கம் பழைய வீடுகளில் உடுப்பு அலமாரிக்குள் ஒரு பல்ப் எரியவிடுவார்களே, அதைச் செய். பழைய குண்டு பல்ப்தான் வேண்டும், எல்ஈடி சூடு தராது. பெடலை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, மேலே 15 வொட் பல்ப், விளையாடாத நாளில் இரண்டு மணி நேரம். இதுவரை துடிப்பு இல்லை.

துடிப்பு போன பிறகும் பிரேக் எனக்குச் சரிவரவில்லை. பழைய நாளில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்த இடத்தில் இப்போது ஒரு சுற்றில் சக்கரம் பூட்டிக்கொள்கிறது, அடுத்த சுற்றில் கார் நிற்காமல் புல்லுக்குப் போகிறது. யோசித்துப் பார்த்தால் காலுக்கு எவ்வளவு தூரம் அமுக்கினோம் என்பது ஞாபகம் இருப்பதில்லை, எவ்வளவு பாரம் கொடுத்தோம் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. விலை கூடிய பெடல்களில் லோட் செல் வைப்பது இதற்குத்தான், அது பாரத்தை அளக்கிறது. என்னுடையது தூரத்தை அளக்கிற வகை, ஸ்பிரிங்கும் தளர்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தெரிந்த திரீவீல் கராஜில் போய், ஷொக் எப்சோபரில் போடுகிற ரப்பர் புஷ் ஒன்று கேட்டேன்.

“என்ன தம்பி, திரீவீல் வாங்கிட்டியா?”

“இல்லண்ணே, கேம் விளையாடுற பெடலுக்கு.”

மேலும் கீழும் பார்த்தார். “எடுத்துட்டுப் போ, காசு வேணாம்.”

அதை அரைவாசி வெட்டி பிரேக் பெடலுக்குப் பின்னால் அடைத்தேன். கடைசி மூன்றில் ஒரு பங்கு இப்போது நல்ல கனமாக இருக்கிறது, தூரம் குறைந்து பாரம் கூடிவிட்டது. அப்புறம் இன்னொரு பிரச்சினை வந்தது, இவ்வளவு அமுக்கினால் உருளும் நாற்காலி பின்னால் ஓடுகிறது. கொஞ்ச நாள் சணல் கயிற்றால் மேசையோடு கட்டி ஓட்டினேன், மனைவி அதைப் பார்த்து மாடு கட்டியிருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் தச்சு பாஸ் ஒருவரைப் பிடித்து, வீட்டில் கிடந்த பழைய கட்டில் சட்டத்தில் ஒரு கழித்துவிட்ட வேன் சீற்றைப் பூட்டி, முன்னால் பெடலுக்குப் பலகை அடித்துக்கொண்டேன். செய்த செலவிலேயே சுற்று நேரத்தை உண்மையாகக் குறைத்தது அந்தக் கட்டில்தான்.

இதெல்லாம் சாமான் கதை. நான் எதிர்பார்க்காத விஷயம் வேறு ஒன்று. அசெட்டோ கோர்சா என்கிற ரேஸ் விளையாட்டில், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயப் பாதையின் சின்னச் சுற்றில், இரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, மஸ்டா எம்எக்ஸ்-5 கப் காரில் பழைய நாளில் கணக்கில்லாமல் ஓடியிருக்கிறேன். என் பழைய நேரத்தோடு பார்த்தால் 2.3 வினாடி பின்னுக்கு. ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற சுற்றில் அது பெரிய வெட்கம். ரீப்ளேயை மேலிருந்து பார்த்தேன். கார் முழுச் சுற்றும் பாதையின் இடது பாதிக்குள்ளேயே ஓடுகிறது!

மூன்று வருஷமாக ஏ7 பாதையில் வேன் ஓட்டிய பழக்கம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா போகிற ஒவ்வொரு முடக்கிலும் எதிரே பஸ் வருகிறது என்று நினைத்தேதான் நாம் ஓட்டுகிறோம், ஹோர்ன் அடித்து, இடது ஓரத்தை உரசிக்கொண்டு, முடக்குக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து. உயிரோடு வீடு போய்ச் சேர அதுதான் சரி. ஆனால் ரேஸில் வலது முடக்கின் உள் ஓரத்தைத் தொடவேண்டிய இடத்தில் என் கை திரும்ப மறுக்கிறது, ஏனென்றால் அங்கே எனக்கு மட்டும் தெரிகிற ஒரு பஸ் நிற்கிறது. அதிலும் பிராண்ட்ஸ் ஹட்சின் முதல் முடக்கு, பெடொக் ஹில், வலது பக்கமாக மேட்டில் தொடங்கிக் குழிக்குள் விழுகிற இடம். இறக்கத்தின் அடி தெரியாத முடக்கில் காலைப் பிரேக்கிலிருந்து எடு என்று ஒரு மலைநாட்டுக்காரனிடம் சொன்னால் அவன் கேட்பானா?

இதற்கு நான் கண்ட வழி கொஞ்சம் சுற்றுவழி. அதே விளையாட்டில் இத்தாலியின் த்ரெந்தோ-பொந்தோனே மலைப்பாதை இருக்கிறது, 17 கிலோமீட்டர் ஏற்றம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நம்ம ஊர்ப் பாதை மாதிரியேதான். பழக்கம் அங்கேதான் அதிகமாகத் தலை தூக்கியது, அதனால் அங்கேயே வைத்து உடைப்பது லேசாக இருந்தது. எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று காலுக்கும் கைக்கும் விளங்க இரண்டு வாரம் பிடித்தது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. ஒரு இரவு நீண்ட நேரம் விளையாடிவிட்டு மறுநாள் காலை வேனில் போகும்போது, கொட்டகலைப் பக்கம் ஒரு இடது முடக்குக்கு முன்னால் என் கை தானாக வலப்பக்கம் அகலப் போகப் பார்த்தது. கை அரை அங்குலம்தான் அசைந்திருக்கும். எதிரே ஒன்றும் வரவில்லை. ஆனாலும் பனிக்குளிரில் வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து, மறுநாள் விடிய வேன் எடுக்கவேண்டிய இரவுகளில் வீல் பக்கமே போவதில்லை.

திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னுடையது 24 அங்குலம், கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் செங்குத்துப் பார்வைக் கோணம், அதாவது திரை மேலிருந்து கீழாகக் கண்ணுக்கு எடுக்கிற கோணம், 28 பாகை வருகிறது. விளையாட்டில் நான் அதை இவ்வளவு காலமும் 50க்கு மேலே வைத்து ஓடியிருக்கிறேன். சரியாக வைத்ததும் வேகமே போகாத மாதிரி ஒரு சலிப்பு, பக்கத்தில் ஒன்றும் தெரியாது, முதல் மூன்று நாள் திட்டிக்கொண்டே ஓடினேன். நாலாம் நாள் பிரேக் பிடிக்கிற இடம் ஒரே இடமாக வர ஆரம்பித்தது. வீல் கைக்குத் திருப்பிக் கொடுக்கிற விசையையும் நூறிலிருந்து எழுபதுக்கு இறக்கினேன். நூறில் வைத்தால் கடினமான முடக்கில் மோட்டர் தன் உச்சத்தில் முட்டிக்கொண்டு, டயர் வழுக்குவதும் பிடிப்பதும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இனி கார்ட். விடிய நாலு மணிக்கு வேனை எடுத்து, கினிகத்தேனை இறங்கி, கித்துல்கல, அவிசாவளை வழியாகப் பண்டாரகம போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. 1,200 மீட்டருக்கு மேலே ஸ்வெட்டரோடு கிளம்பினவன் கீழே ஹெல்மெட்டுக்குள் வெந்துபோனேன். கூட வந்த மச்சான் ஏற்கெனவே போய்ப் பழகினவன், சிரித்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

இரண்டாவது சுற்றிலேயே சுழன்றேன். தப்பு முழுக்க என்னுடையது. சிமுலேட்டரில் காருக்குப் பழகின மாதிரி, பிரேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே முடக்குக்குள் திருப்பினேன். வாடகைக் கார்ட்டில் பிரேக் பின் அச்சுக்கு மட்டும்தான், நாலு சக்கரத்துக்கும் கிடையாது. அந்த அச்சும் ஒரே தண்டு, இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரென்ஷியல் இல்லை, சஸ்பென்ஷன் இல்லை. திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும், வேறென்ன. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, பிறகு ஸ்டியரிங்கை ஒரே தடவையில் திருப்பி, உள் பக்கப் பின் சக்கரம் கொஞ்சம் தூக்கவேண்டும், அப்போதுதான் கார்ட் வளையும். தூக்கவில்லை என்றால் இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டு உங்களை நேராகத் தள்ளும், இன்ஜின் மூச்சுத் திணறும். வாடகைக் கார்ட்டுகளில் உலகம் முழுக்க அதிகம் பூட்டுவது ஹொண்டா ஜிஎக்ஸ் ரகம் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்கள், நம்ம பக்கம் மரக்கறித் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்புக்குப் போடுகிற அதே ஜாதி. பம்ப் இன்ஜினின் வேகத்தை ஒரு தடவை விட்டால் திரும்ப ஏற அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும்.

சிமுலேட்டரிலிருந்து கார்ட்டுக்கு வந்தது கண் மட்டும்தான். எங்கே பார்க்கவேண்டும், எந்த இடத்தில் உள்ளே போய் எங்கே வெளியேறவேண்டும் என்பதெல்லாம் முதல் பத்து நிமிஷத்திலேயே சரியாக இருந்தது. உடம்பு வரவே இல்லை. முன்கை கல்லாகி, இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் ஹெல்மெட் பட்டியைக் கழற்ற விரல் மடங்கவில்லை. வலது விலாவில் சீற் ஓரம் அடித்த அடி, ஒரு வாரம் இருமக்கூடப் பயம். விலாவுக்கு ஒரு கவசம் போட்டுக்கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள்.

திரும்பி வந்ததும் கார்ட் சிமுலேட்டருக்கு ஒன்று கொடுத்தது. கார்ட்டில் வழுக்கலை இடுப்புதான் முதலில் சொல்கிறது. கட்டில் சட்டத்தில் பூட்டின வேன் சீற் அதைச் சொல்லப்போவதில்லை. அதனால் விளையாட்டில் இன்ஜின் சத்தத்தைக் குறைத்து டயர் சத்தத்தைக் கூட்டினேன், இடுப்பின் வேலையைக் காதுக்குக் கொடுத்தேன். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசே செலவில்லை.

கார்ட்டுக்குப் போவதை அம்மா விரும்பவில்லை, இப்போதும் விரும்பவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து 7 பேர் செத்துப்போனதை அவர் மறக்கவில்லை. எனக்கும் அதற்குப் பதில் இல்லை. இதே அம்மாதான் நான் சின்னவனாக இருக்கும்போது ஏப்ரலில் நுவரெலியாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவர். 1934லிருந்து நடக்கிற மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு காராகக் கடிகாரத்தை எதிர்த்து ஏறும், வருவதற்கு முன்னாலேயே சத்தம் தேயிலைக்கு மேலால் வந்துவிடும். இப்போது நான் இரவில் தனியாகச் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

ஒன்லைன் ரேஸ் பற்றிக் கேட்பார்கள். அதிகம் ஓடவில்லை. முதல் முறை ஒழுங்காக ஒரு ரேஸில் ஏழாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது 2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை பதினொன்றைத் தாண்டின நேரம். பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போன அதே நேரம். கம்பியூட்டருக்கு யூபிஎஸ் இருந்தது, ரவுட்டருக்கு இல்லை. என் கார் மட்டும் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது, மற்ற எல்லாரும் அப்படியே உறைந்துபோனார்கள், ஒரு கணம் நான் எல்லாரையும் முந்திவிட்டதாகவே நினைத்தேன். இப்போது ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது.

நேற்று இரவு வரைக்கும் பழைய நேரத்துக்கு இன்னும் 0.4 வினாடி பாக்கி. துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன், மற்ற முடக்குகளில் சமமாகிவிட்டேன். அந்த 0.4 முழுக்கப் பெடொக் ஹில்லில், பஸ் நிற்கிற இடத்தில்.