இரண்டு ஓம் கம்பியை எதைக் கொண்டு அளப்பது?

கம்பியின் நீளத்துக்கும் மின்தடைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறியும் மலேசியப் பள்ளிப் படிவம் 5 சோதனையில், பிள்ளைகள் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு மீட்டர் கான்ஸ்டன்டன் (செம்பு-நிக்கல் கலவை) கம்பி. 24 எஸ்.டபிள்யு.ஜி. (கம்பித் தடிமனுக்கான பிரிட்டிஷ் அளவெண்) கம்பியின் விட்டம் 0.56 மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2 ஓம் வரும். தடை இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். மல்டிமீட்டரில் நேரடியாக அளக்கலாம், வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் வைத்துக் கணக்கிடலாம், மீட்டர் பிரிட்ஜில் சமன் செய்யலாம். பிழை நுழையும் வழி மூன்றிலும் வேறு வேறு.

மல்டிமீட்டரின் ஓம் பக்கம்

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கோலாலம்பூரில் புடு வட்டாரத்து ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். 200 ஓம் எல்லையில் திருப்பி, இரு முனைகளையும் வைத்தால் எண் வந்துவிடும். ஆனால் அந்த எல்லையில் கடைசி இலக்கம் 0.1 ஓம். அதோடு மீட்டரின் இரண்டு வயர்களுக்கும் தடை உண்டு. முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் 0.2 முதல் 0.5 வரை காட்டும். 25 சென்டிமீட்டர் கம்பியின் உண்மையான தடை 0.5 ஓம். வயர் தடை 0.3 என்றால் திரையில் 0.8 வரும். அறுபது விழுக்காடு பிழை!

வயர் தடையைக் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் 0.1 ஓம் படியை எப்படிக் கழிப்பது? 0.5 என்று காட்டும் இடத்தில் 0.45 இருக்கிறதா, 0.55 இருக்கிறதா என்று தெரியாது. நீளம் – தடை வரைபடம் வரைந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், தடை அச்சை 0.3இல் வெட்டும். அந்த 0.3 கம்பியுடையது அல்ல, மீட்டர் வயருடையது. ஆகவே மாணவர் கணக்கிட வேண்டியது சாய்வை மட்டும்.

உங்கள் மீட்டர் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று அறிய, 1% துல்லியமுள்ள 10 ஓம் ரெசிஸ்டர் (குறிப்பிட்ட தடை கொண்ட சிறு மின்னுறுப்பு) ஒன்று வாங்கி வையுங்கள். அதன் வண்ண வளையங்கள் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, தங்கம், பழுப்பு. கால் வாட் ரெசிஸ்டருக்குள் 0.16 ஆம்பியருக்கு மேல் விடக் கூடாது. 0.5 ஆம்பியர் விட்டால் 2.5 வாட் வெப்பம், கருகிவிடும்.

வோல்ட்மீட்டர், அம்மீட்டர்

இந்தச் சோதனைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டு உலர்மின்கலங்கள், ஒரு ரியோஸ்டாட் (கூட்டிக் குறைக்கக்கூடிய தடை), ஒரு சுவிட்ச், 0–1 ஆம்பியர் அம்மீட்டர், கம்பி எல்லாம் ஒரே தொடரில். அதே மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைக்காமல் 2 வோல்ட் பக்கம் வைத்து, கம்பிக்கு இணையாகக் கொடுங்கள். அங்கே அது ஒரு மில்லிவோல்ட் வரை காட்டும். ஓம் அளக்கும்போது தடுமாறிய கருவி, வோல்ட் அளக்கும்போது அருமையாக வேலை செய்கிறது.

மின்னோட்டத்தை 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 ஆம்பியர் என்று ஏற்றிக்கொண்டே போனால், ஒரு மீட்டர் கம்பியில் 0.2 வோல்ட்டிலிருந்து 1.0 வோல்ட் வரை கிடைக்கும். வோல்ட்டைக் குத்தச்சிலும் ஆம்பியரைக் கிடையச்சிலும் வைத்து வரைந்தால், அந்த வரைபடத்தின் சாய்வுதான் தடை. அம்மீட்டர் முள் தொடக்கத்திலேயே சற்று விலகி நின்றாலும் கோடு இடம் பெயருமே தவிர, சாய்வு மாறாது. ஒரே ஒரு அளவீட்டில் வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதிகம் தவறுவது கிளிப் மாட்டும் இடத்தில். மின்னோட்டம் கொண்டுவரும் முதலைவாய் கிளிப் மீதே வோல்ட்மீட்டரையும் மாட்டினால், கிளிப்புக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள தொடுதடையும் கணக்கில் சேர்ந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் கிளிப் பற்கள் கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் இது சின்ன எண்ணாக இருக்காது. மின்னோட்டக் கிளிப்புகளை வெளியே மாட்டி, அவற்றுக்கு உள்ளே இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வோல்ட்மீட்டர் கிளிப்புகளை மாட்டுங்கள். நீளத்தை அளக்க வேண்டியதும் இந்த உள் கிளிப்புகளுக்கு இடையேதான். வோல்ட்மீட்டருக்குள் மின்னோட்டம் போவதே இல்லை என்று சொல்லும் அளவு குறைவு என்பதால், உள் கிளிப்பின் தொடுதடை ஒன்றும் செய்யாது. தொழிற்சாலைகளில் சிறிய தடைகளை அளக்கும் நான்கு முனை முறையும் இதேதான்.

இன்னொரு எதிரி வெப்பம். ரியோஸ்டாட் இல்லாமல் 3 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 1.5 ஆம்பியர் ஓடும்; மின்கலம் தளரும், கம்பி சுடும். கான்ஸ்டன்டன் என்பதால் தடை அவ்வளவாக மாறாது. அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். செம்பாக இருந்தால் 10 பாகை செல்சியஸ் ஏறினாலே தடை ஏறக்குறைய 4% கூடிவிடும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இடையே சுவிட்ச்சைத் திறந்துவிடுங்கள். தளரும் மின்கலம், ஓம் அலகுக்குப் பெயர் தந்த கியோர்க் ஓமையே படுத்தியது. அவர் அதைக் கைவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையை (வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் தரும் அமைப்பு) மூலமாக எடுத்துக்கொண்டு, காந்த ஊசியின் விலகலைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். 1827இல் அவர் விதி நூலாக வெளிவந்தது.

இதில் அம்மீட்டராகவும் மல்டிமீட்டரையே பயன்படுத்துபவர்கள் கவனிக்க: மில்லியாம்பியர் துளையில் பெரும்பாலும் 200 மில்லியாம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 0.5 ஆம்பியர் விட்டால் அது போய்விடும், பிறகு திரையில் சுழி. 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள்; வேலை முடிந்ததும் வயரை வோல்ட் துளைக்கே திருப்பிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே மின்கலத்தின் குறுக்கே வைத்தால் அது நேரடிக் குறுக்குச் சுற்று.

மீட்டர் பிரிட்ஜ்

எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியத் தேர்வு) பக்கம் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் மேல் தொடுமுனையை நகர்த்தி, தெரியாத தடையைத் தெரிந்த தடையோடு ஒப்பிடும் கருவி இது; அடிப்படை வீட்ஸ்டன் பிரிட்ஜ் சுற்று. வீட்ஸ்டன் பெயரில் வழங்கினாலும் அந்தச் சுற்றை 1833இல் விவரித்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் 1843இல் பரப்பினார். கால்வனோமீட்டர் (மிகச் சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கருவி) முள் சுழியில் நின்றால் போதும் என்பதால், மின்கலம் தளர்ந்தாலும் விடை கெடாது. இதுதான் இதன் பெரிய பலம்.

சமநிலை 50 சென்டிமீட்டர் அருகே வரும்படி, தெரிந்த தடையையும் 2 ஓம் பக்கமாகவே தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பிழை 0.4%, 10 சென்டிமீட்டரில் அதே தவறு 1.1% ஆகிவிடும். இரண்டு தடைகளையும் இடம் மாற்றி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் ஓரத் தகடுகளின் தடையால் வரும் பிழை பெரும்பாலும் ஒழியும். ஜாக்கியை, அதாவது அந்தத் தொடுமுனையை, கம்பி மேல் தேய்த்து இழுக்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். தேய்த்தால் கம்பி அங்கங்கே மெலியும்.

தடை பெரிதானால்

கெட்டில் சுருளை அளப்பதானால் மல்டிமீட்டரே போதும். 230 வோல்ட், 2000 வாட் என்றால் சுமார் 26 ஓம், வயரின் 0.3 அங்கே ஒரு விழுக்காடுதான். பிளக்கைக் கழற்றிவிட்டே அளக்க வேண்டும். 100 கிலோஓம் ரெசிஸ்டரிலோ, பள்ளியில் உள்ள முள் வோல்ட்மீட்டர் உதவவே உதவாது: 3 வோல்ட்டுக்கு ஒரு மில்லியாம்பியர் இழுக்கும் மீட்டரின் தடை வெறும் 3 கிலோஓம், மின்னோட்டமெல்லாம் அதன் வழியாகவே ஓடிவிடும். இழை பல்பில் மட்டும் மல்டிமீட்டரை நம்பாதீர்கள். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்ப் எரியும்போது 8 ஓமுக்கு மேல். அணைந்திருக்கும்போது மீட்டர் காட்டுவது அதில் சிறு பங்குதான். இழை எரியும்போதைய தடை வேண்டுமானால், எரியவிட்டு வோல்ட்மீட்டர், அம்மீட்டரில்தான் எடுக்க முடியும்.