முதலில் தாள், பிறகு பென்சில்: பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குறித்த ஓர் ஒப்பீடு

பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்தை நம்மில் பலரும் படங்களைப் பார்த்தே வாங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அட்டையில் தோகை விரித்த மயில், உள்ளே பூக்களும் யானைகளுமாகப் பக்கத்துக்குப் பக்கம் படங்கள், கைக்கு அடக்கமான விலை. கடைக்காரர் எடுத்துக் காட்டிய ஆல்கஹால் மார்க்கர் பெட்டி ஒன்றையும் கூடவே வாங்கி வந்தேன். அன்று மாலை மயிலின் கழுத்துக்கு நீலம் தீட்டி முடித்துப் பக்கத்தைத் திருப்பியபோது, பின்புறத்துத் தாமரைக் குளத்தின் நடுவில் அந்தக் கழுத்து அப்படியே ஊறி இறங்கியிருந்தது. அதற்கும் அடுத்த தாளில் நான்கைந்து நீலப் புள்ளிகள். புத்தகத்தையோ மார்க்கரையோ தனியே குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மெல்லிய தாளில் இருபுறமும் அச்சிட்ட புத்தகத்துக்கு அந்த மார்க்கர் ஒத்துவராது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஆகவே, இந்த ஒப்பீட்டில் புத்தகத்தையும் வண்ணக் கருவியையும் சேர்த்தே எடைபோடுகிறேன். அவற்றிலும் தாளுக்கே முதலிடம் தருகிறேன்.

ஸ்காட்லாந்து ஓவியர் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் இந்த வகைப் புத்தகங்கள் உலகெங்கும் பெருகின. இழை இழையாகப் பின்னிய கொடிகளும் இலைகளும் நிறைந்த பக்கங்களே இன்றும் கடைகளில் அதிகம் காணப்படுகின்றன. அத்தகைய நுண்ணிய படம் எல்லோருக்கும் ஏற்றதன்று. அரிசி மணி அளவுள்ள கட்டங்களை நிரப்புவதற்குக் கூரான முனையும், நல்ல வெளிச்சமும், தெளிவான பார்வையும் வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி அணியும் வயதில் இருப்பவருக்கு இந்தப் புத்தகத்தைப் பரிசளித்தால், மூன்றாம் பக்கத்திலேயே அவர் அதை மூடிவைத்துவிடக்கூடும். அவருக்குக் கட்டை விரல் நகத்தளவேனும் அகலமுள்ள இதழ்களும், தடித்த கோடுகளும் கொண்ட புத்தகமே உகந்தது. மார்கழி வாசலில் கோலமிட்டு அதன் கட்டங்களுக்குள் கலர்ப்பொடி தூவிப் பழகிய கைகளுக்கு, அந்த அளவுள்ள வடிவங்கள் உடனே பிடித்துப்போவதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

வட்டத்துக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்ட மண்டலப் படங்கள் மனத்தைச் சாந்தப்படுத்தும் என்று பல அட்டைகளில் அச்சிட்டிருக்கும். இந்தக் கூற்றுக்கு ஓர் அடிப்படை உண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான நான்சி கறியும் டிம் காஸரும் 84 கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை 2005இல் வெளியிட்டனர். மண்டலப் படத்துக்கு வண்ணம் தீட்டியவர்களுக்கும், குறுக்கும் நெடுக்குமான கட்டங்களுக்கு வண்ணம் தீட்டியவர்களுக்கும், வெற்றுத் தாளில் மனம்போன போக்கில் வரைந்தவர்களைவிடப் பதற்றம் கூடுதலாகத் தணிந்திருந்தது. கட்டம் போட்ட படமும் மண்டலத்துக்கு இணையாகவே பயனளித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே மண்டலம் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது தேவையற்றது. ஒழுங்கான அமைப்பும் மிதமான நுணுக்கமும் கொண்ட எந்தப் படமும் போதும்.

தாளின் தடிமனை ஜி.எஸ்.எம். என்ற அளவால் குறிப்பார்கள்; ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். இணையத்தில் ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு பிரதியாக அச்சடித்து அனுப்பப்படும் மலிவு விலைப் புத்தகங்களின் தாள் பெரும்பாலும் 90ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். அக்கறையோடு தயாரிக்கப்பட்ட புத்தகங்களில் 120 முதல் 150 வரை கிடைக்கும். பல புத்தகங்களில் இந்த எண் அச்சிடப்படுவதில்லை. கடையில் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பின்புறத்துக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால், அந்தப் புத்தகம் பென்சிலுக்கு மட்டுமே தாங்கும். அடுத்து, விரல் நுனியால் தாளைத் தடவிப் பாருங்கள். காலண்டர் தாள்போல வழுக்கினால் பென்சில் வண்ணம் ஒட்டாது. மிகச் சொரசொரப்பாக இருந்தால் வண்ணத்துக்கு இடையே வெள்ளைப் புள்ளிகள் எஞ்சிவிடும். இரண்டுக்கும் நடுவே, பழைய டிராயிங் நோட்டின் தாள்போல் லேசான பிடிப்பு இருப்பதே சரியான பதம்.

அச்சிடப்பட்ட முறையிலும் வேறுபாடு உண்டு. இருபுறமும் படமுள்ள புத்தகத்தில் காசுக்கு ஏற்ற எண்ணிக்கையில் படங்கள் கிடைக்கும். ஒருபுறம் மட்டும் படமுள்ள புத்தகத்தில் தாள் பாதி வீணாவதுபோலத் தோன்றும். பென்சில் மட்டுமே பயன்படுத்துபவருக்கு முதலாவதே லாபம். மார்க்கரையோ ஜெல் பேனாவையோ தொடும் எண்ணம் இருந்தால், இரண்டாவதைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பைண்டிங்கைப் பொறுத்தவரை, முதுகில் கோந்து ஒட்டிய புத்தகம் முழுமையாக விரியாது. நடு மடிப்பின் அருகே உள்ள இலைகளுக்கு வண்ணம் தீட்டும்போது கை வளைந்து வலிக்கும். ஸ்பைரல் பைண்டிங் செய்தவையும், கிழித்தெடுக்க வாகாக ஓரத்தில் துளையிடப்பட்டவையும் இந்தத் தொல்லையைத் தருவதில்லை.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. ஓவியர்கள் விலைக்குத் தரும் படக் கோப்புகளை வாங்கி, நமக்கு வேண்டிய தாளில் நாமே அச்சிட்டுக்கொள்ளலாம். ஏ4 அளவில் 160 ஜி.எஸ்.எம். தாளைக் கேட்டு வாங்கினால், பத்துப் படங்களுக்கான செலவு ஒரு நடுத்தரப் புத்தகத்தின் விலைக்குள் அடங்கிவிடலாம். படம் கெட்டுப்போனால் மறுபடி அச்சிடவும் முடியும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த கோடுகள் பலவும் ஈரம் பட்டால் கரையும் என்பதால், தண்ணீர் கலந்த மையுள்ள பேனாக்களை அவற்றின்மீது ஓட்டக் கூடாது. லேசர் பிரிண்டோ ஜெராக்ஸோ அந்த விதத்தில் பாதுகாப்பானது. ஜப்பானின் கோபிக் மார்க்கர் 1987இல் அறிமுகமானபோது, நகல் எடுத்த படத்தின் கரிய டோனரைக் கரைக்காத மை என்பதே அதன் சிறப்பாக இருந்தது. அதன் பெயரும் நகலைக் குறிக்கும் ‘காப்பி’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே.

இனி பென்சில்கள். வண்ணப் பென்சிலின் உள்ளே இருப்பது நிறமி, அதைத் தூக்கிப் பிடிக்கும் களிமண் போன்ற நிரப்பு, இரண்டையும் இறுகப் பிணைக்கும் மெழுகு அல்லது எண்ணெய். இந்தப் பிணைப்புப் பொருளே பென்சிலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 1938 முதல் விற்பனையில் இருக்கும் பிரிஸ்மாகலர் மெழுகுப் பென்சில்களுக்குப் பெயர்போனது. 1908இல் ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் வெளியிட்ட பாலிக்ரோமாஸ் எண்ணெய்ப் பென்சில்களுக்கு. முன்னதில் 150 நிறங்களும் பின்னதில் 120 நிறங்களும் கிடைக்கின்றன. எண்ணெய்ப் பென்சில் என்று சொல்லப்படுவதிலும் கொஞ்சம் மெழுகு இருக்கும் என்பதால், இந்தப் பிரிவினையை மிகக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கையில் பிடித்துத் தீட்டும்போது வேறுபாடு ஐயமின்றித் தெரியும்.

ஓர் அங்குல நீளமுள்ள ஒற்றை இலையை எடுத்துக்கொள்வோம். மெழுகுப் பென்சிலால் இரண்டு முறை தீட்டினாலே இலை அடர்ந்த பச்சையில் பளபளக்கத் தொடங்கிவிடும். வண்ணம் வெண்ணெய்போல் இறங்கும். மூன்றாவது நிறத்தை அதன் மேல் கொண்டுவரும்போதுதான் சிக்கல் வரும். தாளின் நுண்ணிய பள்ளங்களையெல்லாம் மெழுகு ஏற்கெனவே நிரப்பிவிட்டதால், புதிய நிறம் பிடிப்பின்றி வழுக்கும். முனையும் அதற்குள் மழுங்கியிருக்கும். எண்ணெய்ப் பென்சிலால் தீட்டினால் தொடக்கத்தில் இலை வெளிறித்தான் தெரியும். முதலில் மெல்லிய மஞ்சள், அதன் மேல் இளம்பச்சை, நரம்பின் ஓரமாகக் கரும்பச்சை, பச்சையின் பகட்டைக் குறைக்க அடியில் துளி சிவப்பு, மீண்டும் இளம்பச்சை என்று ஐந்தாறு பூச்சுகளைத் தாள் சலிக்காமல் ஏற்கும். கூர் முனை நெடுநேரம் நிலைப்பதால் நரம்புகளுக்கு இடையிலும் நுழைய முடியும். இலை ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தப் பொழுதுபோக்கை நான் விரும்புகிறேன்.

மெழுகுப் பென்சிலுக்கு இன்னும் இரு குறைகள் உண்டு. அழுத்தித் தீட்டிய கருநிறங்களின் மேல் சில நாள்களில் வெள்ளைப் படலம் ஒன்று பூக்கும். மெழுகு மேலெழுந்து வருவதே காரணம். மெல்லிய துணியால் துடைத்தால் அது போய்விடும். அடுத்தது, பென்சில் கீழே விழுந்தால் உள்ளே குச்சி துண்டு துண்டாக முறிந்து, சீவச் சீவ உதிரும். அப்படியிருந்தும் ஒருவகையினருக்கு நான் மெழுகுப் பென்சிலையே பரிந்துரைப்பேன். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் விரல்களில் வலுக் குறைந்தவர்களுக்கும், அழுத்தாமலே நிறம் தரும் மென்மை ஒரு பெரிய உதவி. அகன்ற வடிவங்கள் கொண்ட புத்தகத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் பொருத்தம் சரியாக அமையும். நுண்ணிய கொடிகள் நிறைந்த புத்தகத்துக்கு எண்ணெய்ப் பென்சிலே உரியது.

பள்ளிப் பிள்ளைகளுக்கென வரும் கேம்லின், டாம்ஸ் போன்ற பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் நிறமி குறைவாகவும் குச்சி கடினமாகவும் இருக்கும். நிறம் வெளிறியே விழும், அழுத்தினால் தாளில் வடு பதியும். எனினும் மெல்லிய தாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பழக்கம் தமக்குப் பிடிக்குமா என்று சோதிக்க விரும்புபவருக்கு அதுவே போதுமானது. தவிர்க்க வேண்டியது, குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று 72 நிறப் பெட்டியைப் பெயர் தெரியாத தயாரிப்பில் வாங்குவதைத்தான். அதில் பத்துப் பச்சைகள் இருக்கும். தாளில் தீட்டினால் நான்கு பச்சைகளே வேறுபட்டுத் தெரியும். அதே பணத்துக்குத் தரமான 24 நிறப் பெட்டி கிடைத்தால் அதை வாங்கலாம். பாலிக்ரோமாஸ் போன்றவை தனித்தனிப் பென்சிலாகவும் விற்கப்படுகின்றன. ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டும் என்றாலும், 12 நிறங்களோடு தொடங்கித் தேவைப்படும்போது ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளலாம். கூடவே கூர்மையான அலகுள்ள ஷார்ப்னர் ஒன்றும் வேண்டும். மழுங்கிய அலகு நல்ல பென்சிலையும் முறித்துவிடும்.

நீர்வண்ணப் பென்சில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரிகையால் நீர் தடவினால் வண்ணம் கரைந்து பரவும். ஆனால் நீர்வண்ணத்துக்கென்றே செய்யப்படும் தாள் பெரும்பாலும் 300 ஜி.எஸ்.எம். வரை இருக்கும்போது, சாதாரணப் புத்தகத் தாள் அப்பளம்போல நெளிந்துவிடும்.

மார்க்கர்களில் தண்ணீர் மை, ஆல்கஹால் மை என இரண்டு. நாம் ஸ்கெட்ச் பேனா என்று சொல்லிவரும் முதல் வகை பின்புறம் அதிகம் ஊறாது. ஆனால் ஈரம் காய்வதற்குள் ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்த்தால் தாள் திரிதிரியாகப் பிய்ந்துவரும், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். ஆல்கஹால் மார்க்கர் இந்தக் குறைகள் இல்லாதது. பெரிய வானத்தைக்கூடப் பட்டை தெரியாமல் நிரப்பும், இளநீலத்திலிருந்து கருநீலத்துக்கு வழுவழுப்பாக மாறும். அதற்கான விலை, எந்தப் புத்தகத் தாளையும் அது ஊடுருவும் என்பதே. தடித்த தாளில் ஒருபுறம் அச்சிட்ட புத்தகத்திலும், அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகிவைத்துத்தான் அதைத் தொட வேண்டும். மேலும் இவ்வகை மைகள் பெரும்பாலும் சாயங்கள் என்பதால் வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளுத்துவிடும். சட்டம் போட்டு மாட்ட நினைக்கும் படத்துக்கு, ஒளியைத் தாங்கும் திறனை நட்சத்திரக் குறிகளால் தண்டிலேயே பொறித்திருக்கும் பென்சில்களே நம்பகமானவை.

ஜெல் பேனாவை முழுப் பக்கத்துக்கும் பயன்படுத்துவதைவிட, பென்சிலால் தீட்டி முடித்த பிறகு கடைசியாக எடுப்பதே நல்லது. காய நேரமாகும், கை பட்டால் இழுகும், மையும் விரைவில் தீரும். ஆனால் பனித்துளியின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி, நகையில் ஒரு பொன்னிறக் கீற்று ஆகியவற்றை வேறு எந்தக் கருவியாலும் அவ்வளவு எளிதாகக் கொண்டுவர முடியாது. என் கையிருப்பை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் 24 எண்ணெய்ப் பென்சில்களை வைத்துக்கொள்வேன்; இரண்டாவதாக ஒன்று அனுமதித்தால் அந்த வெள்ளை ஜெல் பேனாவை எடுப்பேன்.

அந்த மயில் புத்தகத்தை நான் தூக்கியெறியவில்லை. எண்ணெய்ப் பென்சிலுக்கு அதன் தாள் நன்றாகவே ஒத்துழைக்கிறது. இப்போது எந்தப் புதுப் புத்தகம் வந்தாலும், முதலில் அதன் கடைசிப் பக்கத்துக்குப் போகிறேன். பதிப்பு விவரத்துக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில், வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கருவியாலும் ஒரு சிறிய கட்டத்தை நிரப்பி, அருகே அதன் பெயரை எழுதி, பத்து நிமிடம் காத்திருந்து தாளைத் திருப்பிப் பார்க்கிறேன். மயில் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் இன்று ஒன்பது கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பின்புறம் தெரியாதவை ஆறு.