இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேனா, வழக்கமான மூன்றே போதுமா?

முதல் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, குழந்தையும் எடை குறைவாகப் பிறந்ததால், இரண்டாவது முறை கருவுற்றபோது தொடக்கத்திலேயே என்னைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்துவிட்டார்கள். ஏற்காட்டில் குடியிருக்கும் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. வழக்கமான ஸ்கேன்களோடு நிறுத்திக்கொண்டு, மற்றபடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் வயிற்றின் வளர்ச்சியும் பார்த்துக்கொள்வது ஒன்று. 28-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு இறங்கி, ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளருடன் ஸ்கேன் எடுப்பது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். என் நிலையில் இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

முதல் வழியின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: செலவு குறைவு, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அலைச்சல் இல்லை. சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்க ஒன்று, கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சிக்கு ஒன்று என்பது பெரும்பாலும் போதும்.

"இத்தனை முறை கதிர் பாய்ச்சினால் பிள்ளைக்கு ஆகுமா?" என்று அத்தை கவலைப்பட்டார். ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, ஒலி அலைதான். ஆனால் அது திசுவைச் சற்றுச் சூடாக்கக்கூடும். அதைக் காட்டத்தான் திரையோரத்தில் டிஐ என்று ஓர் எண் ஓடுகிறது. டாப்ளருக்குச் சக்தி கூடுதலாக வேண்டும் என்பதால், தக்க காரணமின்றி முதல் மூன்று மாதத்தில் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சுமார் 2,800 பெண்களை வைத்து நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், ஐந்து முறை டாப்ளருடன் ஸ்கேன் எடுத்தவர்களிடையே எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாக இருந்தன. அதே குழந்தைகளை எட்டு வயதுவரை தொடர்ந்தபோது, ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. இதை அத்தையிடம் மறைக்காமல் சொன்னேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஸ்கேன் எதை அளக்கிறது என்பது. குழந்தையின் எடையை அது நேராக நிறுப்பதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து கணக்கிடுகிறது. பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே போகும். 1,500 கிராம் குழந்தைக்கு அது 150 முதல் 225 கிராம். ஒரு வாரத்து வளர்ச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாரந்தோறும் எடை பார்த்தால், நன்றாக வளரும் குழந்தையும் வளராததுபோல் தெரியலாம். அந்த அச்சத்தில் பிரசவத்தை முன்கூட்டியே நடத்தவும் நேரலாம். அடிக்கடி ஸ்கேன் எடுப்பதில் நான் பயந்த ஆபத்து இதுதான். எனவே எடைக்கு இரண்டு வார இடைவெளியாவது வேண்டும். மூன்று இன்னும் நல்லது.

டாப்ளர் காட்டுவது தொப்புள்கொடியில் ஓடும் ரத்தத்தை. மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: சேர்வராயன் மலைமுகடுகளைப் போல அலை ஏறி இறங்கியது. இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் அடிக்கோட்டைத் தொடக்கூடாது என்றார். தொட்டால், இதயத்தின் இரு துடிப்புகளுக்கு இடையில் ரத்தம் முன்னே போகவில்லை, நஞ்சுக்கொடி தளர்கிறது என்று பொருள். வயிற்றை டேப்பால் அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆபத்து மிகுந்த கர்ப்பங்களில் டாப்ளர் பார்த்தபோது, பிரசவத்தையொட்டிய குழந்தை இறப்பு 1.7 சதவீதத்திலிருந்து 1.2 சதவீதமாகக் குறைந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. ஆபத்தில்லாதவர்களிடம் அத்தகைய பலன் தெரியவில்லை.

இரட்டைக் குழந்தை, சர்க்கரை நோய் பற்றி எனக்கு அனுபவமில்லை. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையருக்கு 16-ஆம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது என்பது மட்டும் தெரியும்.

இந்த வழியை எடுப்பவர்கள், முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மருத்துவரிடம் பாருங்கள். பழைய அறிக்கைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, அசைவுக் குறைவு என்று எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து உடனே மலை இறங்கிவிடுங்கள்.