கிளிப் வாங்கப் போய் 185,000 ரூபாவை விட்டுவிட்டு வந்தேன்: எலெக்ட்ரிக் கார்க்காரர் கவனம்

திருகோணமலைப் பக்கம் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒழுங்காக எழுதுகிறேன். அதுக்கு முதல் அந்த 185,000 ரூபாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கும் நித்திரை வராது.

என்னுடையது 2013 நிசான் லீஃப். பட்டறியின் பலத்தைக் காட்டுகிற பார் பன்னிரண்டில் ஒன்பதுதான் மிச்சம். பாலையூற்றில் இருந்து கந்தளாய்க்கு வேலைக்குப் போய்வர எண்பது கிலோமீற்றர் அளவில் வரும். காலையில் முழுச் சார்ஜில் வெளிக்கிட்டால் பின்னேரம் வீடு வரும்போது 24, 25 வீதம் நிற்கும். அதை நம்பித்தான் இவ்வளவு காலமும் ஓடினேன்.

போன மாதம் பாலம்போட்டாறில் நாய் ஒன்று குறுக்கே பாய, காரை ஓரத்துக்கு இறக்கினேன். தார் விளிம்பில் அடிபட்டு காரின் அடியை மூடுகிற முன்பக்க அண்டர் கவரின் கிளிப் இரண்டு மூன்று உடைந்து, பிளாஸ்டிக் ரோட்டில் சரசரவென்று இழுபட்டது. கட்டுக்கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். தேவைப்பட்டது அந்தக் கிளிப் மட்டும்தான். சில நூறு ரூபா வேலை.

அதுக்காகப் போன இடம் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே, 'ஹைபிரிட், எலெக்ட்ரிக் ஸ்பெஷல்' என்று பெரிய போர்ட் போட்ட ஒரு கராஜ். பெயர் போடவில்லை. வழக்கு வம்பு வேண்டாம் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அங்கே நின்ற தம்பி நல்ல மரியாதை. "வாங்க சேர், இருங்க சேர்" என்று பிளேன்ரீயும் தந்தான். காரை ஹொயிஸ்டில் ஏற்றி என்னையும் கீழே கூப்பிட்டான். ரோச் லைட்டை அடித்து, பின் சில்லுப் பக்கம் ஒரு போல்ட்டை வெள்ளை ரிஷூவால் துடைத்து என் கையில் வைத்தான். ரிஷூ முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. "மூன்று பக்கமும் கடல் சேர். உப்புக் காத்து உங்கட காரைக் கீழ இருந்து தின்னுது. மேல பொலிஷ் பண்ணி என்ன பிரயோசனம்?" என்றான். நான் அந்த ரிஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு போனை எடுத்து டெஸ்லா கதையைத் தொடங்கினான். 2013இல் அமெரிக்காவில் ரோட்டில் கிடந்த இரும்பு கீழே இருந்து பட்டறியைக் குத்தி மொடல் எஸ் கார்கள் எரிந்தன, அதுக்குப் பிறகு 2014இல் டெஸ்லா டைட்டானியம் தகடும் அலுமினியத் தடுப்பும் போட்டது, பழைய கார்களுக்கும் இலவசமாக என்றான். அன்றிரவு வீட்டில் தேடிப் பார்த்தேன், அவ்வளவும் உண்மை! அங்கேதான் நான் விழுந்தேன். முழுப் பொய் சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பேன். இவன் முக்கால்வாசி உண்மை சொன்னான்.

மிச்சக் கால்வாசிதான் இது: ஜெர்மன் ஸ்பிரே ஒன்று, பட்டறிக்குக் கீழே பாதுகாப்புத் தகடு, முன் பம்பரில் இருந்து பின் அச்சு வரை 'எயார் ஃப்ளோ பனல்'. நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஓடுகிற ஒரு வீடியோவைக் காட்டி, "காத்து வழுக்கிக்கொண்டு போயிடும் சேர், ரேஞ்ச் 20 வீதம் கூடும், நான் கியாரண்டி" என்றான். ரேஞ்ச் என்றால் ஒரு முழுச் சார்ஜில் ஓடுகிற தூரம். டெஸ்லா தன்னுடைய டைட்டானியத் தகட்டுக்கே ரேஞ்ச் கூடும் என்று சொன்னதில்லை. 0.1 வீதம் குறையும் என்றுதான் சொன்னது. அதே செய்தியில் நாலு வரி தள்ளி இருக்கிறது. நான் அந்த நாலு வரியை வாசிக்கவில்லை.

185,000 ரூபா. சீட்டு எடுத்த காசு. அடுத்த நாள் காலையிலேயே போய் 100,000 முற்பணம் கட்டினேன், கார் எடுக்கும்போது 85,000. தந்த பில்லில் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'அண்டர்பொடி வேலை, முழுப்பணம் பெறப்பட்டது.' என்ன ஸ்பிரே, என்ன தகடு, எத்தனை மாத வொறன்டி, ஒன்றும் இல்லை. கேட்டதுக்கு, "நம்ம ஆக்கள்தானே சேர், எங்க ஓடப்போறம்?" என்றான். உண்மைதான், அவன் எங்கேயும் ஓடவில்லை. போனைத்தான் எடுக்கிறதில்லை.

மூன்று நாள் பஸ்ஸில் போய்வந்து காரை எடுத்தேன். முதல் நாளே அறுபது தாண்ட அடியில் இருந்து 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். வீடு வரும்போது 17 வீதம். அடுத்த கிழமை தம்பலகாமச் சந்தி தாண்டும்போது பனலின் முன் விளிம்பு கழன்று கீழே வளைந்துவிட்டது. காற்றை வழுக்கிப் போக விடவேண்டிய சாமான், அகப்பை மாதிரிக் காற்றை அள்ளிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வீட்டு வாசலில் 11 வீதம். ஏசியை நிறுத்தி, கண்ணாடியைத் திறந்து, வேர்த்து ஒழுகித்தான் வந்து சேர்ந்தேன்.

கோல் எடுத்தேன். முதல் தரம்: "புதுசுதானே சேர், செட் ஆக ரெண்டு கிழமை எடுக்கும்." தகடு என்ன, புதுச் செருப்பா செட் ஆக? இரண்டாம் தரம்: "கச்சான் காத்துக் காலம் சேர், எதிர்க்காத்து சார்ஜைத் தின்னும்." கந்தளாய்க்குப் போகும்போது கச்சான் எதிர்த்து அடிக்கும், சரி. அப்படியென்றால் வரும்போது பின்னால் தள்ள வேண்டாமா? இதைக் கேட்டதும் "முதலாளியோட கதைச்சிட்டுச் சொல்றன்" என்று வைத்துவிட்டான். முதலாளி கொழும்பில். பிறகு முதலாளி கலியாண வீட்டில். பிறகு முதலாளிக்குக் காய்ச்சல். வட்ஸ்அப்பில் வளைந்த பனலின் படம் ஆறு அனுப்பினேன், ஆறுக்கும் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

நேரில் போனேன். அதே தம்பி, இந்த முறை பிளேன்ரீ இல்லை. "நீங்க ஓடின ஓட்டத்துக்கு நாங்க என்ன செய்யிற? வொறன்டி ஸ்பிரேக்கு மட்டும்தான்." சரி, கம்பனி போட்ட பழைய அண்டர் கவரையாவது தா, அதையே கட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "அது அன்றைக்கே குப்பையில போயிட்டுது சேர்." 185,000 ரூபா தந்தவனிடம் கேட்காமல் அவனுடைய சாமானையே எறிந்திருக்கிறார்கள்.

பெரியம்மாவின் மகன் குருநாகலில் ஒரு கராஜில் இந்த வகைக் கார்களோடுதான் வேலை. லீவில் வந்தவனைப் பிடித்துக் காட்டினேன். கீழே படுத்து ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. பிறகு என் விரலைப் பிடித்துப் பட்டறிப் பெட்டியின் ஓரத்தில் வைத்தான். ஒரு நசுங்கல். "ஹொயிஸ்ட் கையை இதில வைச்சுத்தான் தூக்கியிருக்கிறாங்கள் அண்ணை. ஓரத்தில ஜக் வைக்கிற இடம் இருக்கு. கிட்டத்தட்ட முந்நூறு கிலோ பட்டறி, அதில போய்க் கை வைப்பினமா?"

ஜெர்மன் ஸ்பிரே என்றது கறுப்புத் தார் பூச்சு. துருவைச் சுரண்டாமல் அதுக்கு மேலேயே அடித்திருக்கிறார்கள். உள்ளே ஈரத்தோடு துரு சுகமாக இருக்கும். பொடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளும் அடைபட்டுப் போயின. செம்மஞ்சள் நிற வயர் கவரிலும் கறுப்பு. அது ஹை வோல்டேஜ் வயர் என்று தூரத்திலேயே தெரியத்தான் அந்த நிறம் போட்டது. தகடோ, கூரைக்கு அடிக்கிற நாகத்தகட்டுக்கு அண்ணன் முறை. தானாகத் துளைக்கிற ஸ்க்ரூ ஒன்று பட்டறிப் பெட்டிக்கு இரண்டு விரல் தள்ளி இறங்கியிருந்தது. அந்த இரண்டு விரலை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே 360 வோல்ட்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம், இதுவரை எனக்குத் தெரியாது. லீஃப் பட்டறிக்குத் தண்ணீர்க் குளிரூட்டலும் இல்லை, விசிறியும் இல்லை. பெட்டியின் இரும்புத் தோல் வழியாக, அடியால் ஓடுகிற காற்றில்தான் அது சூடு ஆற வேண்டும். 2012இல் அரிசோனா வெயிலில் லீஃப் பட்டறிகள் சீக்கிரம் பலம் இழந்து பெரிய பிரச்சினை வந்ததும் சூட்டால்தான். அப்படியான பெட்டிக்குத் தார் பூசி, கீழே தகட்டையும் மூடி, இந்த வெயிலில் ஓட விட்டிருக்கிறார்கள். சட்டையே இல்லாமல் வேர்க்கிற மனிசனுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி.

காற்றுக் கதையும் அப்படித்தான். எலெக்ட்ரிக் காரில் சைலன்சர் குழாய் இல்லை, பெற்றோல் டாங்க் இல்லை, பட்டறியே தட்டையான அடித்தளம். முன்பக்கத்து அந்தப் பிளாஸ்டிக் கவரும் சில்லுக்கு முன்னால் தொங்குகிற சின்ன நாக்கும் கம்பனிக்காரன் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டவை. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறும். நாங்கள் ஓடுவது எழுபது கிலோமீற்றர் எல்லை உள்ள ரோட்டில். சார்ஜில் ஒரு பங்குதான் காற்றுக்குப் போகிறது, அதிலும் ஒரு பங்குதான் அடிப்பக்கம். அதில் 20 வீதம் எங்கே இருந்து வரும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வி. நான் ரிஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கிளிப் வாங்கப் போன ஆள்" என்றுதான் வீட்டில் இப்போது எனக்குப் பேர்.

ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொன்னது இதுதான், பொறுமை போய்விட்டது. ஹொயிஸ்டில் ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கோ, பட்டறியில் கை வைத்தால் இறக்கச் சொல்லுங்கோ. கழற்றின சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம். பில்லில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கோ. அடியில் ஓட்டை போட யாரையும் விட வேண்டாம். ரேஞ்ச் கூடும் என்று சொன்னால் எழும்பி வாங்கோ. ஏமாந்துவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் எடுங்கோ. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், நான் திங்கட்கிழமை கொடுக்கிறேன். அந்த ஒரு வரிப் பில்லை வைத்துக்கொண்டு 185,000 ரூபாவில் எவ்வளவு திரும்பும் என்று பார்ப்போம்.

தகடு இப்போது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தாரைச் சுரண்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, இன்னும் பாதி இருக்கிறது. 2013 லீஃபுக்குப் பொருந்துகிற முன்பக்க அண்டர் கவர் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கோ. கிளிப்போடு இருந்தால் நல்லது.