கில்ட் துணியில் கோடு போட எது நல்லது? கோலாலம்பூர் ஈரக்காற்றில் ஓர் ஒப்பீடு

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிச் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் கில்ட். தையல் போக வேண்டிய வழியை முதலில் துணியில் கோடாக வரைந்துகொள்வோம். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா பக்கம் தையல் சாமான் கடைகளில் அதற்கான பேனாக்களும் சாக்குக்கட்டிகளும் வரிசையாகத் தொங்குகின்றன. எளிதில் அழியும் என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். எதனால் அழியும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தண்ணீரால் அழிவது, காற்றில் அழிவது, சூட்டில் அழிவது, தட்டினால் உதிர்வது என்று நான்கு வகை உண்டு. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த பரிந்துரைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளவும் முடியாது. நம் ஊரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இந்தச் சூடும் ஈரமும் தரவரிசையையே மாற்றிவிடுகின்றன.

ஊதாப் பேனாவும் நீலப் பேனாவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணத்தில் ஒட்டாது. ஊதா, காற்றில் மறையும் வகை. அந்த மையின் சாயம் காரத்தன்மை இருக்கும்வரைதான் நிறம் காட்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் காரத்தைத் தணித்ததும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வறண்ட நாட்டில் ஓரிரு நாள் தாங்கும் கோடு, இங்கே ஜன்னலைத் திறந்துவைத்துத் தைத்தால் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். காலையில் கோடு போட்டு மதியத்துக்குள் தைத்து முடிக்கும் சிறு வேலைக்கு மட்டுமே நான் ஊதாவை எடுப்பேன். நிறம் போனாலும் மையின் எச்சம் துணியில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சலவைத்தூளும் காரம்தான்; அது பட்டால் நிறம் திரும்பக்கூடும். அதனால் முதல் அலசல் வெறும் தண்ணீரில்.

நீலம், தண்ணீரில் கரையும் வகை. பல வாரம் கையால் தைக்கும் வேலைக்கு ஊதாவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். பலர் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கோடு போய்விட்டது என்று நிம்மதி அடைகிறார்கள். அப்போது மை மேல்துணியிலிருந்து உள்ளே இருக்கும் பஞ்சு அடுக்குக்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். துணி காயக் காய, தண்ணீரோடு மையும் மேலே ஏறும். மறுநாள் பார்த்தால் கோடு இருந்த இடத்தில் வெளிர்நீலத் திட்டு, அதன் ஓரத்தில் சற்று அடர்ந்த வளையம். போர்வையை முழுவதுமாகக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். அதற்கு முன் சோப்பும் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. என்னோடு தைக்கும் அக்கா ஒருவர், கோடு இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டார். நீலம் பழுப்பாகி நெசவிலேயே தங்கிவிட்டது. பிறகு எதற்கும் அது அசையவில்லை.

நீலத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. முழுப் போர்வையை நனைத்தால் காயவைக்க வேண்டுமே! அக்டோபர், நவம்பர் மழையில் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் கனத்த கில்ட் காய்வதற்குள் பூஞ்சை வாடை பிடித்துவிடும். வெயில் உறுதியாக இருக்கும் நாளின் காலையில் நனையுங்கள். மாலையில் மின்விசிறிக்குக் கீழே விரித்துவையுங்கள்.

சூட்டில் அழியும் பேனாவுக்கு வருவோம். பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஷன் இந்த வகையில் பெயர்பெற்றது. 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அது காகிதத்துக்காகச் செய்த பேனா. துணிக்குக் கொண்டுவந்தது தைப்பவர்கள். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் மை நிறமிழக்கும், இஸ்திரிப் பெட்டி ஒருமுறை போனால் போதும். வசதியைப் பார்த்தால் மயங்கத்தான் தோன்றும். ஆனால் சுழியத்துக்குக் கீழே 10 முதல் 20 டிகிரி வரை குளிர்ந்தால் அதே நிறம் திரும்பி வரும். கோலாலம்பூரில் அந்தக் குளிர் ஏது என்கிறீர்களா? பேரப்பிள்ளைக்காகத் தைக்கும் போர்வை டொரொண்டோவுக்குப் போகலாம். அங்கே குளிர்கால இரவில் காரின் பின்பெட்டியில் கிடந்தால் பூவேலைக்கு நடுவே கோடுகள் எழுந்து நிற்கும். இங்கேயோ எதிர்ப்பக்கச் சிக்கல்: வெயிலில் நிறுத்திய காரில் கண்ணாடியோரம் வைத்த துணியில், தைக்கும் முன்பே கோடு காணாமல் போகலாம். அடர்நிறத் துணியில் நிறமிழந்த மை வெளிறிய தடமாகத் தெரிவதும் உண்டு. தையலுக்குள் மறையும் வெட்டுக்கோட்டுக்கு இதைப் பயன்படுத்துங்கள். பரம்பரையாக வைத்திருக்கப்போகும் போர்வையின் மேல்முகத்தில் வேண்டவே வேண்டாம்.

ரசாயனம் இல்லாதவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஹெரா. ஜப்பானியத் தையற்காரர்களின் கருவி; மழுங்கிய விளிம்புள்ள சிறு தகடு. அளவுகோலை வைத்து அழுத்தி இழுத்தால் துணியில் மடிப்புத் தடம் விழும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால், அந்தத் தடத்தின் ஒரு கரையில் வெளிச்சமும் மறுகரையில் நிழலும் விழுந்து கோடு பளிச்சென்று தெரியும். கழுவ வேண்டாம், கறைக்கும் பயமில்லை. ஒரே நிறப் பருத்தியில் நேர்கோடு போட இதற்கு இணையே இல்லை. பாலியெஸ்டர் கலந்த துணியில் மடிப்பு நிற்காது. பாத்திக் சாரோங் துணியின் நெருக்கமான பூவேலைக்குள் கோட்டைத் தேடிக் கண் வலிக்கும்.

அங்கேதான் சாக்கு கைகொடுக்கிறது. வெள்ளைக் களிமண் சாக்கையே வாங்குங்கள். மெழுகுச் சாக்கு இஸ்திரிச் சூட்டில் உருகி எண்ணெய்க் கறையாகிவிடும். மஞ்சளும் சிவப்பும் வெளிர்துணியில் சாயம் விடலாம். அடர்நிறத்துக்குத் தேய்ந்துபோன குளியல் சோப்புத் துண்டும் அருமையாக எழுதும். ஆனால் தோலை மென்மையாக்கும் எண்ணெய் சேர்க்காத சாதாரண வெள்ளைச் சோப்பாக இருக்க வேண்டும். சாக்குக் கோடு கைபட்டால் உதிரும் என்பது உண்மைதான். ஒரு பகுதிக்கு மட்டும் போட்டு, தைத்தபின் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

சிக்குக் கோலத்தைக் கில்ட்டில் கொண்டுவர நினைப்பவர்கள் முழு வளைவையும் வரையத் தேவையில்லை. கோலம் கையில் பழகியவர்களுக்குப் புள்ளி போதும். புள்ளிகளைச் சாக்கால் வைத்துவிட்டு ஊசியே வளைந்து போகட்டும். பழகாதவர்கள் காகிதத்தில் கோலத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, வெள்ளைச் சாக்குப்பொடியைத் துணிமூட்டையால் ஒற்றி எடுக்கலாம். வண்ணக் கோலப்பொடியை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள சாயம் பருத்தியைப் பிடித்துக்கொள்ளும்.

மாஸ்கிங் டேப் நேர்கோட்டுக்குச் சரி. ஆனால் அன்றன்றே உரித்துவிட வேண்டும், நம் சூட்டில் பசை துணியில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பென்சில் வேண்டாம். அதன் கரி எல்லாச் சலவையிலும் போய்விடாது.

எதை வாங்கினாலும் அதே துணியில் ஒரு துண்டு வெட்டிப் பஞ்சோடு சேர்த்துத் தைத்து, மூன்று கோடு போடுங்கள். வேலை எத்தனை நாள் நீளுமோ அத்தனை நாள் கிடக்கட்டும். பிறகு நீங்கள் எடுக்கப்போகும் முறையிலேயே எடுத்து, முழுதாகக் காயவைத்துப் பாருங்கள். சூட்டில் அழியும் பேனா என்றால், காய்ந்த துண்டை ஒரு பையில் போட்டு இரவு முழுக்க உறைபெட்டியில் வையுங்கள்.